இடித்துரைக்கும் சொல்

பொதினி எனப் பண்டு வழங்கிய பழனி மலைநாட்டை ஆண்ட பேகன், மயிலுக்குப் போர்வை ஈந்த கதையைத் தமிழுலகம் அறியும். மனைவி கண்ணகியை அவன் துறந்த பிழையைக் கபிலரும் பரணரும் அவனிடமே எடுத்துரைத்ததும் புறநானூறு தரும் செய்தியே. பரிசில் பெறுவோர் கொடுப்பவனின் தவற்றைச் சுட்டும் உரிமையை இழந்தாரில்லை.

போர்க்காலத்திலும் இவ்வுரிமை நின்றது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த நெடுங்கிள்ளியும் சோழனே என்பதை நினைவூட்டி இருவரையும் இடித்துரைத்தார் கோவூர்கிழார். மலையமானின் சிறுமக்களை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோது தடுத்துப் பாடியவரும் அவரே. பகைவனின் கொடுமையைப் பாடுதல் எளிது. தன் பக்கத்து வாளை நிறுத்தச் சொல்லுதல் அரிது.

இருபதாம் நூற்றாண்டில் அவ்வரிய கடமை ஈழத்து எழுத்தாளர்மேல் விழுந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். அடக்குமுறையைச் சாடிய குரல்கள் அன்று பல. விடுதலைக்கென ஏந்திய துப்பாக்கி தமிழரையே நோக்கித் திரும்பியபோதுதான் சோதனை கடுமையாயிற்று. இயக்கத்துள் நிகழ்ந்த வதைகளைக் கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் நாவலாக்கியது. 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தது. அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவரான ராஜினி திராணகம, நூல் வெளிவருமுன்பே, 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்ட கவிஞர் செல்வி மீளவேயில்லை.

இதே வினாவை இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் எதிர்கொண்டனர். 1948 போரில் பணிபுரிந்த யிஸ்ஹார், மறு ஆண்டே 'கிர்பத் கிஸா' கதையை எழுதினார். அரபுக் கிராமத்தாரை வெளியேற்றும் படைவீரன் ஒருவனின் மனம் அதில் உறுத்துகிறது. ஆயினும் அவன் பணியை நிறுத்தவில்லை. உறுத்தல் வேறு, பொறுப்பேற்றல் வேறு என்பதை அக்கதை காட்டிவிடுகிறது. பாலஸ்தீனரான கஸ்ஸான் கனஃபானி, 1969இல் வெளியான 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' கதையில், வீட்டையும் மகனையும் இழந்தோரையே தம் செயலின்மை குறித்துத் தம்மைக் கேட்டுக்கொள்ளச் செய்தார். 1972இல் பெய்ரூட்டில் கார்க்குண்டுக்கு அவர் பலியானார்.

தன் பக்கத்தின் பிழையைக் கூறுதல் மறுபக்கத்தின் குற்றத்தைத் தள்ளுபடி செய்வதாகாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் மடிந்த மக்களுக்கான நீதி இன்னும் கிட்டவில்லை. அந்நீதியைக் கேட்கும் குரலுக்கு வலிமை சேர்ப்போர், தம்மவர் செய்த கொலைகளையும் மறைக்காது எழுதிவைத்தோரே. இடித்துரைத்த கோவூர்கிழாரைச் சோழர் தண்டித்ததாகப் புறநானூற்றில் செய்தியில்லை. செல்வியின் காலத்துக்கு அப்பெருமை வாய்க்கவில்லை.