டயரும் ஒரு பல்சக்கரம்தான்: மினி டிராக்டரின் முன் டயர் சொல்லும் வரலாறு

இந்த எபிசோட் ஒரு ஃபோன் காலில் ஆரம்பிக்குது. கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, நீ இன்ஜினியர்தானே, வண்டிக்கு என்னாச்சுன்னு சொல்லு" என்றார். நான் படித்தது வேற இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலைன்னு பல தடவை சொல்லியாச்சு. அவர் காதில் ஏறுவதே இல்லை.

வண்டின்னா, பந்தலுக்கு அடியில் நுழைகிற மினி டிராக்டர். ஃபோர் வீல் டிரைவ். முன் டயர் இரண்டும் தேய்ந்துபோனதால் புதுசு மாட்டியிருக்கிறார். "ஒரு சைஸ் பெருசாப் போடுங்க, நல்லா உழைக்கும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தார் ரோட்டில் ஸ்டியரிங் இறுகுது, ஃபோர் வீல் லீவரை விடுவிக்க முடியல, அடியிலிருந்து அப்பப்போ 'டக்'குன்னு ஒரு சத்தம். டயர் புதுசு, நல்ல டயர். அப்புறம் ஏன்?

இதற்குப் பதில் தேடப் போய் நான் நின்ற இடம், 1932-ஆம் ஆண்டு அமெரிக்கா.

அதுவரைக்கும் டிராக்டர் என்றால் இரும்புச் சக்கரம். 1917-ல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த ஃபோர்ட்சன் அப்படித்தான் வந்தது. டெல்டா பக்கம் சேற்று உழவுக்கு மாட்டுகிற கேஜ் வீலைப் பார்த்தவர்களுக்குச் சட்டுன்னு புரியும். மண்ணைக் கடித்துப் பிடிக்க இரும்புப் பற்கள். வயலில் நல்லா இழுக்கும். ரோட்டுக்கு வந்தால் ரோட்டைக் கொத்திவிடும், ஓட்டுபவரின் முதுகெலும்பையும் சேர்த்து. போட்ட சாலைகளில் இந்தச் சக்கரத்தோடு வரக் கூடாது என்று பல மாநிலங்கள் தடையே போட்டிருந்தன.

முதலில் மாற்றி யோசித்தவர்களில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களும் உண்டு. இரும்புப் பல் மரத்தின் வேரை அறுக்குது என்பதால், 1920-களின் கடைசியில் பழைய லாரி டயர்களை இரும்புச் சக்கரத்தின் மேலேயே மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். காற்றெல்லாம் கிடையாது, வெறும் டயர்தான். பிறகு 1932-ல் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி, தன் மாடல் யு டிராக்டரில் ஃபயர்ஸ்டோனின் விமான டயர்களைக் குறைந்த காற்றழுத்தத்தில் மாட்டி, விஸ்கான்சினில் ஒரு பண்ணையில் சோதித்துப் பார்த்தது. வேலை செய்தது.

ஆனால் விவசாயிகள் நம்பவில்லை. ரப்பர் எப்படி மண்ணைப் பிடிக்கும், வழுக்கிக்கிட்டே போகாதா என்றார்கள். நியாயமான கேள்விதானே? கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பார்னி ஓல்ட்ஃபீல்ட் போன்ற கார் ரேஸ் நட்சத்திரங்களை அழைத்து, 1933-ல் திருவிழா மைதானங்களில் டிராக்டர் ரேஸ் விட்டது. இதற்கென்றே வேகம் கூட்டிய டிராக்டரில் ஓல்ட்ஃபீல்ட் மணிக்கு 60 மைலைத் தாண்டி ஓட்டிக் காட்டினார். இன்னொரு பக்கம், டிராக்டர்களைச் சோதித்துச் சான்று தருகிற நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், 1934-ல் அல்லிஸ் சால்மர்ஸ் டபிள்யூசி டிராக்டரை ரப்பர் டயரோடு சோதித்தது. சில வருடங்களிலேயே விற்பனைக்கு வந்த புது டிராக்டர்களில் பெரும்பாலானவை ரப்பர் டயரோடு வந்தன.

நான் கவனித்த விஷயம் வேற. இரும்புச் சக்கரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட மாறாதது. ரப்பர் டயர் தேயும், அமுங்கும், காற்று குறைந்தால் சுருங்கும், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எங்க பாஷையில் சொன்னால், கான்ஸ்டன்ட்டாக இருந்தது அன்றைக்கு வேரியபிள் ஆனது. அப்போது யாருக்கும் அது பிரச்சினையாகத் தெரியல. ஏன்னா, பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரம் மட்டும்தான் இழுத்தது. முன் சக்கரம் சும்மா உருண்டது. அது எந்த அளவில் இருந்தாலும் யாருக்கென்ன?

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிஷம் கிழக்கே திருப்பணும். ஏன்னா அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பது நம்ம கதை.

1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பிறகு மலாயா. அங்கே காட்டை அழித்து ரப்பர் நட்டதிலும் பால் வெட்டியதிலும் மிகப் பெரிய பங்கு, கங்காணிகள் வழியாகக் கூட்டிப்போகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுடையது. 1942-ல் ஜப்பான் மலாயாவையும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தபோது, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நின்றுபோனது. அங்கே போர்க்காலத்தில் முதன்முதலாக ரேஷனுக்கு வந்த பொருளே டயர்தான். டிராக்டர் கம்பெனிகள் திரும்பவும் இரும்புச் சக்கரத்தோடு வண்டிகளை அனுப்பின. விவசாயி பத்து வருடம் பின்னால் போய் இரும்பில் உட்கார்ந்தார்.

மலாயாவில் என்ன நடந்தது? ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி வரத்து குறைந்தது. வேலையில்லாமல் நின்ற தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் ஏராளமானவர்கள் திரும்பவில்லை. ஒரே ரப்பர் தட்டுப்பாடு ஒருத்தருக்கு முதுகு வலி, இன்னொருத்தருக்கு மரணம். டயர் வரலாறு எழுதுகிற புத்தகங்கள் முதல் பாதியைத்தான் அதிகம் சொல்கின்றன.

சரி, டிராக்டருக்குத் திரும்புவோம். நாலு சக்கரமும் இழுத்தால் நல்லா இருக்குமே என்ற யோசனை பழசு. 1930-ல் மாஸ்ஸி ஹாரிஸ் ஒரு ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரை விற்றது. அதில் நாலு சக்கரமும் ஒரே அளவு. கணக்கு சுலபம். ஆனால் முன் சக்கரம் பெருசா இருந்தால் மடக்கித் திருப்புவது கஷ்டம். 1952-ல் இத்தாலியில் கசானி சகோதரர்களின் சாமே கம்பெனி, டிஏ 25 என்ற ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரைக் கொண்டுவந்தது. பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சிறிய சக்கரம், இரண்டும் இழுக்கும். இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவம் அதுதான்.

அந்த வடிவத்தைச் சின்னதாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு. சின்னச் சின்ன நெல் வயல், முழங்கால் சேறு. பெரிய டிராக்டர் இறங்கினால் புதையும். அதனால் எடை குறைந்த, நாலு சக்கரமும் இழுக்கிற குட்டி டிராக்டர்கள். குபோட்டா 1969-ல் 21 குதிரைத்திறன் டிராக்டரை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. 70-களில் அதைவிடச் சின்ன பி6000 ஃபோர் வீல் டிரைவோடு போனது. பெரியப்பாவின் பந்தலுக்கு அடியில் ஓடுகிற வண்டியும் அந்த வம்சம்தான்.

இப்போ மேட்டருக்கு வருவோம். முன் சக்கரம் சிறிது, பின் சக்கரம் பெரிது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே தூரம் போகணும் என்றால், முன்னது அதிக சுற்று சுற்றணும். எத்தனை சுற்று என்பதைக் கியர் பாக்ஸுக்குள் இருக்கிற பல்சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. தொழிற்சாலையில் அடித்து வைத்த எண், ஹார்ட்கோட் பண்ணியது. உங்களால் மாற்ற முடியாது. கார்களில் இருப்பது மாதிரி நடுவில் வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் பொதுவாகக் கிடையாது. ஆக, சங்கிலியின் கடைசிப் பல்சக்கரம் டயர்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பின் டயர் ஒரு சுற்றில் 300 செ.மீ. உருளுது. அந்த ஒரு சுற்றுக்கு முன் சக்கரம் 1.57 சுற்று. முன் டயரின் உருள் சுற்றளவு 195 செ.மீ. என்றால், 195 x 1.57 = 306. முன் சக்கரம் பின்னதைவிட 2 சதவீதம் முந்துது. இது வேண்டுமென்றே வைக்கிற முந்தல். 1 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பொதுவான அளவு. முன்னால் இழுத்தால்தான் வண்டி நேராகப் போகும். பின்னால் தள்ளப்பட்டால் முன் சக்கரமே பிரேக் மாதிரி ஆகிவிடும்.

இப்போ 207 செ.மீ. டயர் மாட்டுங்க. 325. முந்தல் 8 சதவீதத்தைத் தாண்டுது. சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த விசை முழுக்க ஷாஃப்ட்டிலும் பல்சக்கரத்திலும் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் இறுகும், லீவர் சிக்கும். சின்ன டயர், 186 செ.மீ. மாட்டினால்? 292. இப்போ முன் சக்கரம் பின்தங்குது. அதுவும் கெடுதல்தான்.

"அப்போ டயர் மேல இருக்கிற நம்பரைப் பார்த்து வாங்கினாப் போதுமே?" என்று கேட்பீங்க. அங்கேதான் வரலாறு திரும்பக் கடிக்குது. அந்த எண் உருள் சுற்றளவைச் சொல்வதில்லை. டயரின் அகலத்தையும் ரிம்மின் விட்டத்தையும்தான் சொல்லும். அகலத்தை அளக்கிற விதமும் காலத்தோடு மாறியது. ரிம் அகலமானபோது, ஒரு காலத்தில் 11-28 என்று அழைக்கப்பட்ட டயர் 12.4-28 ஆனது. ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்களின் சுற்றளவே வேறாக இருக்கலாம். வயல் டயர், ஆழமான பட்டன் வைத்த நெல் வயல் டயர், புல்வெளி டயர் என்று வகை மாறினாலும் மாறும்.

வெளித்தோற்றமும் ஏமாற்றும். ஜப்பானில் ஓடிய பழைய டிராக்டர்களைச் சிலர் அமெரிக்காவில் இறக்கி விற்றபோது குபோட்டா வழக்குப் போட்டது. 1997-ல் அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையம் சில மாடல்களைத் தடை செய்தது. பெயரும் நிறமும் ஒன்று, ஆனால் பாகங்களில் வேறுபாடு என்பது அந்த வாதத்தின் ஒரு பகுதி.

தேய்மானத்தையும் மறக்காதீங்க. பட்டன் 2 செ.மீ. தேய்ந்தால், 31 செ.மீ. ஆரம் உள்ள முன் டயருக்கு அது 6 சதவீதத்துக்கு மேல். 48 செ.மீ. பின் டயருக்குச் சுமார் 4. அதனால் அரைத் தேய்மானத்தில் இருக்கிற பின் டயரோடு புது முன் டயர் சேரும்போதும் கணக்குப் பார்க்கணும்.

அடுத்த வாரக் கடைசியில் நான் கம்பம் போனேன். சாக்பீஸ் எடுத்து முன் டயர், பின் டயர் இரண்டிலும் ஒரு கோடு. மண் தரையில், ஃபோர் வீலை விடுவித்து, பின் சக்கரம் 10 சுற்று போகும்வரை ஓட்டினோம். முன் சக்கரம் 14.5 சுற்று. பிறகு ஃபோர் வீல் போட்டு அதே 10 சுற்று. இப்போ 15.7. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.08. முந்தல் 8 சதவீதம். மேலே நான் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

பெரியப்பா கொஞ்ச நேரம் அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கிட்டு நின்றார். "பெருசு நல்லதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். வண்டியோடு வந்த கையேட்டில் எந்தப் பின் டயருக்கு எந்த முன் டயர் ஜோடி என்று ஒரு சின்ன அட்டவணை இருந்தது. அதைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். புது டயர் வாங்கும்வரை ஃபோர் வீல் லீவரைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதை, ஆச்சரியமாக, கேட்டுக்கொண்டார். பெரிய டயர்களை யாருக்கு விற்பது என்பதுதான் இப்போ அவருடைய கவலை. வாங்குபவரின் வண்டியிலும் முதலில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த எபிசோட் அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது டிராக்டர் வைத்திருந்தால் இதை அனுப்பி வையுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.