இறக்கையில் ஒட்டிய முகவரி

1975 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்கா என்றொரு சிற்றூர். அங்கே கோல்டன்ராட் செடிகள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஒரு வெளியில், மொனார்க் வண்ணத்துப்பூச்சி ஒன்றை வலையில் பிடித்தார்கள். அதன் முன்னிறக்கை விளிம்பில் சின்னஞ்சிறு வெள்ளைச் சீட்டு ஒன்றை மடித்து ஒட்டிப் பறக்கவிட்டார்கள். ஒட்டியவர்கள் ஜிம் கில்பர்ட் என்ற இயற்கைக் கல்வி ஆசிரியரும் அவரோடு போன இரண்டு பள்ளி மாணவர்களும். சீட்டில் பி.எஸ். 397 என்று ஓர் எண் இருந்தது. கண்டெடுப்பவர் கனடாவில் உள்ள டொரன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று சில சொற்களும் இருந்தன. அரைக் கிராம் எடையுள்ள ஒரு பூச்சி அந்தச் சீட்டைச் சுமந்துகொண்டு மெக்சிகோ வரை போனது.

சீட்டின் கதை அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. டொரன்டோ அருகே வளர்ந்த ஃபிரெட் அர்குஹார்ட்டுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கேள்வி. கோடை முழுக்கத் தோட்டத்தில் பறக்கும் மொனார்க்குகள் பனிக்காலத்தில் எங்கே போகின்றன? கனடாவின் குளிரில் அவை பிழைக்க வழியில்லை. ஆனாலும் அடுத்த கோடையில் மொனார்க் மறுபடி வருகிறது. 1937-இல் அவர் முறையாக வேலையைத் தொடங்கினார். பிடித்த பூச்சியை மறுபடி அடையாளம் காண ஒரு குறி வேண்டும். சாயம் பூசிப் பார்த்தார், சரிப்படவில்லை. தபால்தலையைப் போல நாக்கில் நனைத்து ஒட்டும் சீட்டுகளை அச்சடித்தார். மழையில் நனைந்ததும் அவை உதிர்ந்துவிட்டன.

1945-இல் அவர் நோராவை மணந்தார். அதன்பிறகு இது இருவரின் வேலை ஆயிற்று. கணவர் பேராசிரியர் என்பதால் இந்த ஆய்வு அவர் பெயரிலேயே பேசப்படுகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்களோடு கடிதத் தொடர்பு, கணக்கு, பதிவேடு என்று அதைத் தாங்கி நிறுத்தியவர் நோரா.

கடைசியில் சரியான சீட்டு கண்ணாடிச் சாமான் கடையிலிருந்து வந்தது. கண்ணாடிப் பொருள்களின்மேல் விலை ஒட்டுவார்களே, அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும் சீட்டு, அதுதான். அதை ஒட்டுவதற்கும் ஒரு கைப்பழக்கம் தேவைப்பட்டது. வண்ணத்துப்பூச்சி இறக்கையின்மேல் பொடியாகத் தெரிவது நுண்ணிய செதில்கள். அவற்றின்மேல் எதை ஒட்டினாலும் செதிலோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். எனவே நான்கு இறக்கைகளையும் மூடிப் பிடித்துக்கொண்டு, முன்னிறக்கை விளிம்பில் கொஞ்சம் செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டு, தெளிந்த சவ்வின் இருபுறமும் படும்படி சீட்டை மடித்து அழுத்த வேண்டும். பிறகு நோட்டில் எண், தேதி, இடம், ஆணா பெண்ணா என்று எழுத வேண்டும். மொனார்க்கில் பால் பார்ப்பது எளிது. ஆணின் பின்னிறக்கை நரம்பு ஒன்றில் கறுப்புப் பொட்டு இருக்கும்.

வண்ணத்துப்பூச்சி சேகரித்த பழைய ஆர்வலர்களிடமும் சீட்டு உண்டு. பெட்டியில் ஊசி குத்தி வைத்த பூச்சிக்குக் கீழே எந்த ஊரில், எந்த நாளில், யார் பிடித்தது என்று துணுக்குத் தாளில் எழுதி வைப்பார்கள். அந்தத் தாள் இல்லாத பூச்சி எத்தனை அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்கு உதவாது, சுவரில் மாட்டத்தான் ஆகும். பொழுதுபோக்குக்குப் பூச்சி பிடிப்பவரும் இயற்கை ஆய்வாளரும் பிரிகிற இடம் அந்தத் துணுக்குத் தாள்தான் என்பது என் கருத்து. அர்குஹார்ட் தம்பதி செய்த புதுமை, அதே தாளை உயிருள்ள பூச்சியில் ஒட்டியது. ஊசியின் கீழிருக்கும் தாள் பூச்சி செத்த இடத்தைச் சொல்லும். இறக்கையிலிருக்கும் தாளோ, யாராவது கண்டெடுத்தால், இரண்டு ஊர்களைச் சொல்லும்.

யாராவது கண்டெடுத்தால் என்பதில்தான் சிக்கல். இரண்டு பேர் ஒரு கண்டம் முழுக்கச் சீட்டு ஒட்டவும் முடியாது, தேடவும் முடியாது. 1952-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக உதவி கேட்டார்கள். முன்வந்தவர்கள் 12 பேர். அவர்களை வைத்தே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. வருடங்கள் போகப்போக ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் இருந்தார்கள். பூச்சியியல் படித்தவர்கள் அதில் கொஞ்சமே. திரும்பி வந்த சீட்டுகளை வரைபடத்தில் குறித்தபோது கோடுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து டெக்சஸ் பக்கம் போயின. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. டெக்சஸுக்குத் தெற்கே இருப்பது மெக்சிகோ.

1972-இல் நோரா மெக்சிகோ பத்திரிகைகளுக்கு எழுதினார். அதைப் படித்துவிட்டு, மெக்சிகோ நகரில் வேலை பார்த்த கென் புரூகர் என்ற அமெரிக்கர் 1973-இல் பதில் போட்டார். துணி ஆலைத் தொழில்நுட்பம் தெரிந்தவர், நிறக்குருடு வேறு. ஆரஞ்சு நிறப் பூச்சியைத் தேட நிறம் தெரியாத ஆள்! அவரோடு தேடியவர் மிச்சோவாகான் மாநிலத்திலேயே பிறந்த கத்தலினா அகுவாடோ. மொழி, ஊர், மனிதர்கள் என்று வேண்டிய எல்லாம் கத்தலினாவிடம் இருந்தன. மலைக் கிராமங்களில் விசாரித்துக்கொண்டே ஏறி, 1975 ஜனவரி 2-ஆம் தேதி செர்ரோ பெலோன் மலையில் அந்தக் காட்டைக் கண்டார்கள். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 மீட்டர் மேலே, ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்களின் அடிமரமும் கிளையும் தெரியாதபடி லட்சக்கணக்கில் மொனார்க்குகள் அப்பிக் கிடந்தன. ஒரு வாரம் கழித்து டொரன்டோவுக்குத் தொலைபேசியில் செய்தி போனது.

கதை இதோடு முடிந்ததாகத் தோன்றலாம். முடியவில்லை. மலையில் கூடியிருப்பவை கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவைதான் என்பதற்கு என்ன சாட்சி? மெக்சிகோவிலேயே பிறந்து மெக்சிகோவிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும் கூட்டம் என்று ஒருவர் மறுத்தால் பதில் சொல்ல முடியாது. சாட்சி ஒரு சீட்டாகத்தான் இருக்க முடியும்.

அதிலும் ஒரு நெருக்கடி உண்டு. கோடையில் பிறக்கும் மொனார்க்கின் ஆயுள் இரண்டிலிருந்து ஆறு வாரம். கோடை முடிவில் பிறக்கும் தலைமுறை மட்டும் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு எட்டு மாதம் போல வாழும். தெற்கே போவது இந்தத் தலைமுறைதான். வசந்தத்தில் வடக்கே திரும்பத் தொடங்கி, வழியில் முட்டையிட்டுச் சாகும். கனடாவை மறுபடி எட்டுவது அதன் பேரப்பிள்ளைகளோ கொள்ளுப்பேரப்பிள்ளைகளோ. ஆகவே 1937-இலிருந்து 1974 வரை ஒட்டிய எந்தச் சீட்டும் 1976 ஜனவரியில் அந்த மலையில் இருக்க வாய்ப்பில்லை. 1975 கோடையின் பின்பகுதியில் ஒட்டியவை மட்டுமே இருக்கலாம். மின்னசோட்டாவில் ஒட்டிய பி.எஸ். 397 அவற்றில் ஒன்று.

சாஸ்காவுக்கும் மிச்சோவாகான் மலைக்கும் நடுவே நேர்க்கோட்டில் 2,800 கிலோமீட்டருக்குக் குறையாது. இந்த வழியில் அந்தச் சீட்டை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. மொனார்க்குகள் பொதுவாக எப்படிப் போகும் என்பது தெரியும். பகலில் மட்டும் பறக்கும். வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் ஏறிக்கொண்டு இறக்கை அடிக்காமல் மிதக்கும். இரவில் மரங்களில் கூட்டமாகத் தங்கும். வழியெல்லாம் பூத்தேன் குடித்து உடலில் கொழுப்பு சேர்க்கும். குளிர்காலம் முழுக்க அந்தக் கொழுப்பே ஆதாரம். நவம்பர் தொடக்கத்தில், மெக்சிகோவில் இறந்தவர்களை நினைத்து மக்கள் கொண்டாடும் நாள்களை ஒட்டி, கூட்டம் மலையேறும். முன்னோர் ஆன்மாக்கள் திரும்பி வருகின்றன என்று அந்தப் பகுதி மக்கள் நம்பிய வழக்கம் உண்டு. மலை தெரிந்தவர்களுக்குக் கனடா தெரியாது. கனடா தெரிந்தவர்களுக்கு மலை தெரியாது. நடுவில் ஆள் இல்லாததால்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

1976 ஜனவரியில் ஃபிரெட்டும் நோராவும் முதல்முறையாக அங்கே போனார்கள். ஃபிரெட்டுக்கு வயது 64. அந்த உயரத்தில் மூச்சு வாங்க நடந்துபோய் மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. ஒரு மொனார்க் அரைக் கிராம்தான். கிளையை முறிக்க எத்தனை ஆயிரம் ஏறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிதறிய குவியலை ஃபிரெட் குனிந்து பார்த்தார். வெள்ளையாக ஒரு சீட்டு. பி.எஸ். 397. ஊர் திரும்பிப் பதிவேட்டைப் புரட்டியதும் சாஸ்கா என்று தெரிந்தது.

1976 ஆகஸ்ட் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் ஃபிரெட் எழுதிய கட்டுரை வந்தது. அட்டையில் மேலெல்லாம் மொனார்க்குகள் மொய்க்க நின்றவர் கத்தலினா. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. ஆனால் கண்டுபிடித்தவர்களில் ஒருவராக அவரை உலகம் பேச நெடுநாள் ஆயிற்று. இடம் எது என்பதையும் கட்டுரை துல்லியமாகச் சொல்லவில்லை. மொனார்க்கை ஆராய்ந்துகொண்டிருந்த லிங்கன் பிரவர் கேட்டபோதும் அர்குஹார்ட் சொல்லவில்லை. கூட்டம் கூடிக் காட்டைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் நியாயம்தான். ஆனால் ஊர்பேர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கூலி வாங்காமல் சேர்த்த சாட்சியத்தை ஒருவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? எனக்கு அது சரியாகப் படவில்லை. எப்படியும் ரகசியம் நிற்கவில்லை. எழுதியதில் கசிந்த குறிப்புகளையும் நிலப்படத்தையும் வைத்து வில்லியம் கால்வர்ட் அந்த ஆண்டு முடிவதற்குள் மலையை எட்டிவிட்டார்.

பிறகு அரசாங்கக் காகிதங்கள் வந்தன. 1980-இல் மெக்சிகோ அரசு முதல் பாதுகாப்பு ஆணை போட்டது. 1986-இல் இடங்களை வரையறுத்தது. 2000-இல் காப்பகத்தை 56,259 ஹெக்டேராக விரித்தது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் பூச்சிகள் குறைந்துகொண்டு வருகின்றன. லட்சக்கணக்கானவற்றைத் தலையெண்ண முடியாது என்பதால், அவை அப்பியிருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் அது 18 ஹெக்டேர். 2013-14இல் 0.67. 2024-25இல் 1.79. மலையில் மரம் வெட்டுவது ஒரு காரணம். வடக்கே சோள, சோயா வயல்களில் களைக்கொல்லி அடித்து மில்க்வீட் செடியை அழித்தது பெரிய காரணம்.

மில்க்வீட் நமக்கு அந்நியமான செடி இல்லை. நம் எருக்கு அதற்கு உறவு. ஒடித்தால் அதே பால், அதே நஞ்சு. மொனார்க்கின் புழு மில்க்வீட்டைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. நம் ஊர் வெந்தய வரியன் எருக்கில் முட்டையிட்டு அதே காரியத்தைச் செய்கிறது. இரண்டும் ஒரே பேரினம். வலசையும் இந்தக் குடும்பத்துக்குப் பழக்கம்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் நீல வரியன்களும் அவற்றின் கூட்டாளிகளும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கூட்டமாகப் பறப்பதையும், வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில் மேற்கே திரும்புவதையும் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் குறித்து வருகிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் காடு போகிறவர்கள். நாள், இடம், திசை, நிமிடத்துக்கு எத்தனை என்று எழுதாமல் விட்ட வலசை கண்ட கண்ணோடு போய்விடும். உங்கள் மொட்டைமாடியைத் தாண்டி ஒரே திசையில் போவதைப் பார்த்தால் கைபேசியிலாவது இந்த நாலையும் குறித்து வையுங்கள்.

அர்குஹார்ட் தம்பதியின் சீட்டு இன்று உருவம் மாறிவிட்டது. 1992-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிப் டெய்லர் தொடங்கிய மொனார்க் வாட்ச் என்ற அமைப்பு, 9 மில்லிமீட்டர் வட்டச் சீட்டைப் பின்னிறக்கையின் நடுவில் ஒட்டுகிறது. செதில் தேய்க்க வேண்டாம், உடலுக்கு அருகில் இருப்பதால் பறப்பதும் கெடாது. வெயிலில் இயங்கும் நுண்ணிய ரேடியோக் கருவிகளும் அண்மையில் வந்துவிட்டன. பூச்சி இருக்கும் இடத்தை அவை வழிநெடுகச் சொல்லும். ஆனால் விலை அதிகம், சிலவற்றில்தான் பொருத்த முடியும். தாள் சீட்டை ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒட்டுகிறார்கள். மெக்சிகோ மலையில் இறந்து விழுந்த பூச்சிகளுக்கிடையே அவற்றைத் தேடி எடுப்பவர்கள் உள்ளூர்க் கிராமத்தாரும் வழிகாட்டிகளும். அவர்கள் எடுத்துத் தரும் ஒவ்வொரு சீட்டையும் மொனார்க் வாட்ச் காசு கொடுத்து வாங்குகிறது.