ஏரியின் வரலாறு மண்ணின் வரலாறும்தான்

தமிழகத்து ஏரிகளைப் பற்றி எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் தண்ணீரின் வரலாறாகவே இருக்கிறது. யார் வெட்டினார்கள், எத்தனை மதகு, எவ்வளவு ஆயக்கட்டு என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் மழைநீர் ஏரிக்குத் தனியாக வருவதில்லை. மேட்டு நிலத்தின் மேல்மண்ணையும் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. நீர் மதகு வழியே வயலுக்குப் போய்விடும், மண் அடியிலேயே தங்கிவிடும். ஏரி வற்றும் கோடையில் அந்த மண்ணை வெட்டி, வண்டியேற்றி, வயலில் கொட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. வண்டல் அடிப்பது என்பார்கள்; தென்மாவட்டக் கண்மாய்ப் பகுதிகளில் கரம்பை அடிப்பது. ஏரிக்கு அது தூர்வாரல், வயலுக்கு அது உரம். மேட்டிலிருந்து இறங்கிய மண்ணை மீண்டும் நிலத்தில் ஏற்றிய இந்தச் சுழற்சியை வெறும் நீர்ப் பராமரிப்பாக எண்ணியதால்தான் ஏரி, வயல் இரண்டின் வளத்தையும் ஒருசேர இழந்து வருகிறோம்.

நீர்நிலையை மண்ணோடு சேர்த்துப் பார்க்கும் அறிவு பழையது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. அந்தத் தேர்தலில் அமைந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரிப் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கப்பட்டது. ஏரியில் ஓடம் விட்டு வண்டல் வாரி, அதைக் கரையில் இட்டுப் பலப்படுத்தவும் கொடைகள் தரப்பட்டன. இன்றைய கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லாவில் 1369இல் விஜயநகர இளவரசன் பாஸ்கரன் பொறித்த கல்வெட்டு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்களையும், ஏரிக்கு ஆகாத ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துகிறது. இறுகிய மண் அங்கங்களில் ஒன்று. உவர் மண் குற்றங்களில் ஒன்று. நீர்வரத்துக்குச் சமமாக மண்ணின் குணமும் எடைபோடப்பட்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இந்த வழக்கம் ஏன் பலித்தது என்பதை மண்ணியல் விளக்குகிறது. ஓடிவரும் நீர் வேகம் குறையக் குறையச் சுமையை இறக்கும். பருமனான மணல் வரத்துக்கால் வாயிலேயே விழுந்துவிடும். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள் மட்கோடு சேர்ந்து கரையோர ஆழம் வரை வந்து மெல்லப் படியும். களித்துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் போன்ற சத்துகளை அது பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும், நீரையும் விடாமல் காக்கும். தண்ணீர் நில்லாத செம்மண் செவலிலும் மணற்பாங்கான புஞ்சையிலும் வண்டல் கொட்டினால் மண்ணின் கட்டமைப்பே மாறுகிறது. ஏற்கெனவே களி மிகுந்த கரிசலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இந்தச் சுழற்சி அறுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி நிலவரித் திட்டம் மண்ணைக் கரிசல், செம்மண் என்றும், அதற்குள் களி, இருமண், மணல் என்றும் நுணுக்கமாகவே பிரித்தது. ஆனால் அந்தப் பகுப்பு தீர்வை விதிக்கத்தான் பயன்பட்டது. ஏரி மண் எந்த வயலுக்கு ஏற்றது என்ற கேள்வி அதில் எழவில்லை. ஏரிப் படுகை புறம்போக்கு என்று பதிவாகி அரசின் உடைமையானது. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டமும் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றின் பொறியியலாகவே நடந்தது. 1906இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உற்பத்தி தொடங்கியது. பின்னர் உர மூட்டை பரவியதும் வண்டி கட்டிக் கரம்பை அடிக்கும் தேவை குறைந்தது. 1959ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகளின் கீழ் வண்டல் அனுமதி பெற்று எடுக்க வேண்டிய பொருளாயிற்று. மாநிலத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் மண் சேர்வது நிற்கவில்லை. அதை எடுக்கும் கைகள்தாம் குறைந்தன.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. ஏரிகளைப் பராமரித்த பழைய குடிமராமத்து எல்லோரும் மனமுவந்து செய்த ஊர்ப்பணி அல்ல, சாதியின் பெயரால் சிலர் மீது சுமத்தப்பட்ட ஊழியம் என்பது முதலாவது. இது உண்மை. வழக்கமான பாசன வேலைகளுக்கு ஆளைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்த அதிகார முறை திரும்ப வரவே கூடாது. ஆனால் வண்டலின் பயன் அந்த முறையைச் சார்ந்தது அல்ல. கூலியை முறையாகக் கொடுத்தும் அதே மண்ணை எடுக்கலாம். உர மூட்டையோடு ஒப்பிட்டால் வண்டலில் தழை, மணி, சாம்பல் சத்துகள் மிகக் குறைவு என்பது இரண்டாவது. இதுவும் சரியே. ஆனால் உரம் தருவது சத்து; வண்டல் தருவது அந்தச் சத்தையும் நீரையும் பிடித்துவைக்கும் உடம்பு. களியும் மட்கும் இல்லாத மணலில் இடும் உரத்தில் ஒரு பகுதி மழையோடு கீழிறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது; விவசாயிகள் வண்டலைக் கட்டணமின்றி எடுக்கவும் வழி செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் வழக்கத்தை மட்டும் மீட்டால் போதாது. பொக்லைன் எந்திரம் வண்டலோடு நிற்காமல் அடியிலுள்ள இறுகிய மண்ணையும் பெயர்த்துவிட்டால் ஏரி நீரைத் தாங்காது; கரையை ஒட்டித் தோண்டினால் கரையே இளகும். பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் கழிவின் குரோமியம் மண்ணில் கலந்திருக்கிறது; அத்தகைய ஏரியின் வண்டலைச் சோதிக்காமல் வயலில் கொட்டுவது நஞ்சை விதைப்பதாகும். உவர் ஏறிய வண்டலும் அப்படியே. எனவே எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், எந்த வயலுக்கு என்பதை மண் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும். வண்டல் எடுக்க அனுமதி தரும் தாளோடு அந்த ஏரியின் மண் பரிசோதனை முடிவும் விவசாயியின் கைக்கு வரட்டும். ஏரியைத் தூர்வாருகிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு ஊரும் முதலில் கேட்க வேண்டியது, இந்த மண் எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்பதே.