காரியப்பர் வழக்கு

காரியப்பர் வழக்கு என்பது, இலங்கையின் கல்முனைத் தொகுதியின் பிரதிநிதி கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர் 1965இல் சட்டம் ஒன்றினால் ஆசனத்தை இழந்ததைத் தொடர்ந்து நடந்த வழக்கு. சட்ட அறிக்கைகளில் 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' எனப் பதிவாகியுள்ளது. இலஞ்சம் வாங்கியவர் என்று சொல்லப்படும் ஓர் அரசியல்வாதியின் வாக்குரிமையையும் பதவியையும் பறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கா, பாராளுமன்றத்துக்கா என்ற கேள்வி இதில், அக்கால இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது.

தேர்தல் குற்றங்களைப் பொறுத்தவரை அக்காலச் சட்டத்தில் குழப்பம் இல்லை. 1946ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளை ஆள்மாறாட்டம், விருந்தளித்தல், தகாத செல்வாக்கு, இலஞ்சம் ஆகிய நான்கையும் ஊழல் செயல்கள் என்று வகுத்தது. அவற்றைத் தட்டிக்கேட்க இரு வழிகள் இருந்தன. ஒன்று குற்றவியல் வழக்கு. மற்றது தேர்தல் மனு; அதை உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தேர்தல் நீதிபதியாக அமர்ந்து விசாரிப்பார். ஊழல் செயல் நிரூபணமானால் ஏழு ஆண்டுகள் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. சட்டவிரோதச் செயலுக்கு மூன்று ஆண்டுகள். எந்த வழியில் போனாலும் சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் நீதிமன்றத்துக்குள்ளேயே நடந்தன.

பதவியில் இருக்கும்போது வாங்கிய இலஞ்சத்துக்கு அப்படியொரு தெளிவான இடம் இருக்கவில்லை. 1958இல் இலஞ்ச நியாயமன்றங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றின் உறுப்பினர்களை நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்கவில்லை என்ற காரணத்தால், 1964இல் ரணசிங்க வழக்கில் அவற்றின் தண்டனை செல்லாது என்று பிரிவிக் கவுன்சில் சொல்லிவிட்டது. இதற்கிடையில் 1959இல் நியமிக்கப்பட்ட தல்கொடபிட்டிய ஆணைக்குழு, பாராளுமன்ற உறுப்பினர்கள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, சிலர் மீதான குற்றச்சாட்டுகள் மெய்யென்று கண்டது. காரியப்பர் அவர்களில் ஒருவர். ஆணைக்குழு நீதிமன்றமல்ல, அதன் முடிவினால் மட்டும் யாரும் பதவி இழப்பதில்லை.

காரியப்பர் கிழக்குக் கரையில் சாதாரணப் பெயரல்ல. 1947இல் அமைந்த முதலாவது பாராளுமன்றத்திலேயே கல்முனையின் பிரதிநிதி. 1956இல் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக வென்று, பின்னர் அரசாங்கத்தின் பக்கம் போனவர். ஆணைக்குழு அறிக்கை வெளியான பின்பும் 1965 மார்ச்சில் கல்முனை மக்கள் அவரையே தெரிந்தெடுத்தார்கள். வழக்கைப் பற்றி எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அறிக்கையை அறிந்த பின்னும் வாக்காளர்கள் கொடுத்த தீர்ப்பை ஒரு சட்டம் எட்டே மாதத்தில் மாற்றியது என்பதுதான் இவ்விடயத்தின் உறுத்தல்.

1965 நவம்பரில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் கொண்டுவந்த குடியியல் தகுதியீனங்களை விதித்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், அந்த ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். ஆணைக்குழு குற்றங்கண்டவர்களின் பெயர்கள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தன. ஏழு ஆண்டுகளுக்கு வாக்குரிமை இல்லை, வேட்பாளராக நிற்க முடியாது, இருக்கும் ஆசனமும் வெறிதாகும். தேர்தல் ஊழலுக்கு நீதிபதி முன்னால் நிரூபித்த பிறகே கிடைக்கும் அதே ஏழு ஆண்டுத் தடை இங்கே வழக்கின்றி வந்தது.

தம்மை உறுப்பினராக ஏற்று, படியையும் வழங்கும்படி எழுத்தாணை கேட்டு, பிரதிநிதிகள் சபையின் செயலாளர் விஜேசிங்கவுக்கு எதிராகக் காரியப்பர் வழக்குத் தொடுத்தார். நீதித்துறையின் அதிகாரத்தைச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டது என்பது அவர் தரப்பு வாதம். அது வலுவான வாதமாகத்தான் தோன்றியிருக்கும்: 1962 இராணுவச் சதி தொடர்பான லியனகே வழக்கில், குறிப்பிட்ட எதிரிகளைக் குறிவைத்து இயற்றிய சட்டத்தை இதே காரணத்துக்காக 1965 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் தள்ளியிருந்தது. ஆயினும் உயர் நீதிமன்றம் காரியப்பரின் மனுவை ஏற்கவில்லை. 1967இல் பிரிவிக் கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பை வழங்கியவர் அவுஸ்திரேலிய நீதியரசர் சேர் டக்ளஸ் மென்சீஸ். பாராளுமன்றம் தானாக எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கவில்லை, ஆணைக்குழுவின் முடிவின்மேல் விளைவுகளை மட்டும் ஏற்றியது. இந்தத் தகுதியீனம் தண்டனையுமல்ல, பொதுவாழ்வின் தூய்மையைக் காக்கும் ஏற்பாடு என்றது தீர்ப்பு. சட்டம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியதால், திருத்தம் என்ற பெயர் தாங்காவிட்டாலும் அரசியலமைப்பைத் திருத்தியதாகவே கொள்ளப்பட்டது. திருத்தம் என்ற காரணத்தை மறுப்பது கடினம். தண்டனையல்ல என்ற காரணம் அப்படியல்ல: ஆசனம், வாக்கு இரண்டையும் இழந்த மனிதனுக்கு அது தண்டனையல்ல என்பது சட்டப் புத்தகத்துக்குள் மட்டுமே எடுபடும் நியாயம்.

ஆணைக்குழுவின் முடிவின்மேல் பாராளுமன்றம் தகுதியீனம் விதிக்கும் இந்த வழி பின்னர் அரசியலமைப்புக்குள்ளேயே இடம்பிடித்தது. 1978 யாப்பின் 81ஆம் உறுப்புரை, விசேட சனாதிபதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் மூன்றில் இரண்டு பெரும்பான்மைத் தீர்மானத்தால் ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாத தகுதியீனத்தை விதிக்க இடமளித்தது. 1980 ஒக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை பறிபோனது அவ்வழியில்தான்.

தேர்தல் குற்றங்களோ நீதிமன்றத்தை விட்டு நகரவில்லை. பாராளுமன்றத் தேர்தல் மனுக்களை விசாரிக்கும் அதிகாரத்தை யாப்பின் 144ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழங்குகிறது. சம்மாந்துறையிலோ பொத்துவிலிலோ நடந்த முறைகேட்டுக்கும் மனுதாரர் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு, புதுக்கடைக்குத்தான் போகவேண்டும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்கும்படி வேட்பாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. 2024 தேர்தல்களுக்குப் பின் அதை மீறியோர் மீதான வழக்குகள் நீதவான் நீதிமன்றங்களில் தாக்கலாயின.