கரிசல் மண்ணும் காப்பிய மழையும்

தமிழில் பெருங்காப்பியம் பாடப் புகுந்த புலவர் எடுத்த எடுப்பில் கதையைச் சொல்லிவிடுவதில்லை. மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிற்றின் தோற்றம் முதலியவற்றை வருணித்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த நூல் அது. கம்பரும் இம்மரபின்படியே ஆற்றில் தொடங்குகிறார். முகில் கடல்நீரைப் பருகி மலையில் பொழிய, சரயு வெள்ளம் கோசல நாட்டு வயல்களில் பாய்கிறது. அதன் பின்னரே அயோத்தியும் தசரதனும் வருகின்றனர்.

இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்த சேசு சபைக் குரு பெஸ்கி சுவாமி, நம் வீரமாமுனிவர், இந்த மரபை அப்படியே ஏற்றுக்கொண்டார். புனித சூசையப்பரின் வரலாற்றை 1726-இல் தேம்பாவணியாகப் பாடியபோது, 36 படலங்களில் முதலாவதை நாட்டுப் படலமாகவே அமைத்தார். யூதேயா அதில் தமிழகத்து மருதநிலம் போலச் செழிக்கிறது.

"யூதேயாவின் கிழக்குப் பகுதி பாலைவனமாயிற்றே, இத்தனை நீர்வளம் ஏது?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் சுவாமி வறட்சியை அறியாதவரல்லர். பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அவர் உழைத்த காமநாயக்கன்பட்டி, நமக்குத் தென்மேற்கே கோவில்பட்டியை அடுத்த வானம் பார்த்த பூமி. தமிழ் மரபும் வறட்சியை மறைத்ததில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறதல்லவா?

ஆகவே காப்பிய நாட்டை நிலப்படமாகக் கொள்வது பொருந்தாது என்பது என் எண்ணம். மழை பொய்த்த ஆண்டிலும் நம் பக்கத்துப் பெண்கள் குடத்துத் தண்ணீரைத் தெளித்தாவது முளைப்பாரி வளர்க்கிறார்கள். வறண்ட கண்மாயைக் காட்டி அதைப் பொய் என்பார் யாருமில்லை. நாட்டுப் படலமும் அப்படிப்பட்ட வேண்டுதல்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் 'அவர் பெருகச் செய்வாராக' என்று பொருள்படும். முனிவர் அதை 'வளன்' என்று தமிழாக்கினார். நாட்டு வளத்தில் தொடங்கும் காப்பியத்துக்கு நாயகன் பெயரே வளன்! நம் பிள்ளைகள் சிலருக்கு வளன் என்றும் வளனரசு என்றும் பெயர் வழங்குவது அந்தக் கொடைதான்.

1730-இல் அவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து இலக்கணங்களையும் கூறுகிறது. தாம் கற்ற கலையைத் தமிழருக்கே திருப்பிக் கற்பித்த துணிவு அது.

வயலைப் பாடும் இக்கலையைப் பிற்காலத்தில் காத்தவர்களில் ஒருவரும் நம் சீமைக்காரரே. அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏட்டுச் சுவடிகளைத் தொகுக்கவும், அச்சிடவும், மாணவருக்குப் பாடம் சொல்லவும் அங்கே வழி பிறந்தது. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் அச்சேற அவர் துணைநின்றார். அச்சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரி இன்றும் மதுரையில் நடைபெற்று வருகிறது.