ரப்பர் வச்சு அழிச்ச சாம்பியன் பட்டம்

1994 உலகக்கோப்பை கால் இறுதியில் ஜெர்மனியை பல்கேரியா 2-1ன்னு தோற்கடிச்ச ராத்திரி ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டு டிவி முன்னாடி உட்கார்ந்து கத்தின கத்தலில் எனக்கு மறுநாள் தொண்டை கட்டிப் போச்சு. ஃப்ரீகிக்கில் கோல் போட்ட ஸ்டாய்ச்கோவ், கோல்கீப்பரா நின்ன கேப்டன் மிகைலோவ், இந்த ரெண்டு பேரையும் அன்னைக்கு தலையில் தூக்கி வச்சு ஆடினோம்.

இந்த ரெண்டு பேருக்கும் அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே வாழ்நாள் தடை போட்டிருந்தாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன். அந்தக் கதைதான் இது.

1984-85 பல்கேரிய லீக் சீசன். 16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம். சோஃபியா நகரத்தில் ரெண்டு பெரிய அணிகள் உண்டு: லெவ்ஸ்கி, சி.எஸ்.கே.ஏ. முதலாவது உள்துறை அமைச்சகத்தோட அணி, ரெண்டாவது ராணுவத்தோட அணி. அதாவது போலீசும் பட்டாளமும் மோதினா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஊரே ரெண்டா பிரிஞ்சு நிக்கும்.

அந்த சீசனில் லீக்கில் முதலிடம் லெவ்ஸ்கிக்கு. 1985 ஜூன் 19ஆம் தேதி கோப்பை இறுதிப்போட்டி. மோதியது, வேற யாரு, இதே ரெண்டு பேர்தான். சி.எஸ்.கே.ஏ. 2-1ன்னு ஜெயிச்சுது. ஆனா அதை யாரு பார்த்தா? நடுவரோட தகராறு, வீரர்களுக்குள்ளே கைகலப்புன்னு மைதானம் சந்தைக்கடையாயிடுச்சு.

ஜிவ்கோவ் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சி சும்மா இருக்குமா? சில நாட்களுக்குள்ளே மத்தியக் குழுவோட தீர்ப்பு வந்துடுச்சு. ரெண்டு கிளப்பையும் கலைச்சாச்சு. லெவ்ஸ்கிக்குப் புதுப்பேரு வித்தோஷா, சோஃபியா பக்கத்தில் இருக்கிற மலையோட பேரு. சி.எஸ்.கே.ஏ.வுக்கு ஸ்ரெடெத்ஸ், சோஃபியாவோட பழைய பேரு. ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்து 1873இல் தூக்கில் தொங்கின வசில் லெவ்ஸ்கியோட பேரை எடுத்துட்டாங்கன்னா ரசிகனுக்கு எப்படி வலிச்சிருக்கும்! சில வீரர்களுக்கு வாழ்நாள் தடை. அப்போ ஸ்டாய்ச்கோவுக்கு வயசு 19 தான்.

எனக்கு உறுத்துற விஷயம் வேற. அடிச்சுகிட்டது ஒரே ஒரு கோப்பை ஆட்டத்தில். ஆனா 30 ஆட்டம் ஓடி வாங்கின லெவ்ஸ்கியோட லீக் பட்டத்தையும் சேர்த்து ரத்து பண்ணிட்டாங்க. பரீட்சை ஹாலில் சண்டை போட்டவனைக் கண்டிக்கலாம், சரி. அதுக்காக அவன் போன மாசம் எழுதின பேப்பரையும் கிழிச்சுப் போடுறது என்னங்க நியாயம்?

ஆனா பந்து உருண்டுகிட்டே இருந்துச்சு. அடுத்த சீசனில், 1985-86இல், ஸ்தாரா ஸகோராவின் பெரோயே அணி சாம்பியன் ஆச்சு. அவங்க வரலாற்றிலேயே அது முதல் பட்டம். ரெண்டு யானை அடிபட்டதில் ஒரு சின்ன ஊருக்கு வந்த யோகம்! தடைகளும் ரொம்ப நாள் நிக்கலை. 1986 மே 31, மெக்சிகோ உலகக்கோப்பையோட முதல் ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிரா பல்கேரிய கோலில் நின்னது அதே மிகைலோவ்தான். ஆட்டம் 1-1. ஸ்டாய்ச்கோவும் திரும்பி வந்து, 1990இல் 38 கோல் போட்டு, ஹியூகோ சான்செஸோட சேர்ந்து ஐரோப்பிய தங்கக் காலணியை வாங்கினார்.

1989 நவம்பரில் ஜிவ்கோவ் பதவி போச்சு. பழைய பேருங்க திரும்பி வந்துச்சு. லெவ்ஸ்கியோட 1985 பட்டமும் பின்னாடி அவங்க கணக்கிலேயே சேர்ந்துச்சு.

அந்தத் தடை மட்டும் சொன்னபடி நின்னிருந்தா, 1994இல் நான் கத்தின கத்தலே இல்லை. கட்சி ஒரு தாளில் எழுதி அழிச்சதை ஜனங்க மறக்கலை பாருங்க, எனக்கு இதில் பிடிச்சதே அதுதான்.