ஆலும் வேலும் சொல்லாமல் விட்டது

சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயில் வழிபாடு பாஞ்சராத்திர ஆகம நெறியைச் சார்ந்தது. அவ்வாகமம் திருமஞ்சனத்துக்கு வகுத்துள்ள உபசாரங்களில் பற்குச்சி சமர்ப்பித்தலும் ஒன்று. நா வழிக்கும் உபசாரமும் வாய் கொப்பளிக்க நீரும் அதனைத் தொடர்கின்றன. விடியலில் மனிதன் செய்துகொள்வதையெல்லாம் இறைவனுக்கும் செய்து மகிழ்ந்த மரபு, பல் துலக்குவதையும் மறக்கவில்லை.

இதே காஞ்சி பௌத்தர்களின் நகரமாகவும் விளங்கியது. 640ஆம் ஆண்டளவில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூறு சங்காராமங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். பௌத்தத் துறவிகளுக்குரிய விநய நூல், பற்குச்சி எட்டு விரற்கிடைக்கு மேல் நீளவும் நான்குக்குக் கீழ் குறையவும் கூடாதென அளவு வகுக்கிறது. யுவான் சுவாங்குக்குப் பின், 671இல் கடல்வழியே புறப்பட்ட இத்சிங் என்னும் சீனத் துறவி, தம் நூலில் பற்குச்சிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஒரு முனையை மென்று நாராக்கிப் பல்லைத் தேய்ப்பதையும், பின்னர் குச்சியைப் பிளந்து வளைத்து நாவை வழிப்பதையும் விளக்கிவிட்டு, இந்தியாவில் பல்வலி மிக அரிது, அதற்கு இக்குச்சியே காரணம் என்றும் அவர் சொல்கிறார்.

தமிழில் பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவையும் கோல்கொண்டு பல் துலக்குவதைக் காலைக் கடன்களுள் ஒன்றாக வைக்கிறது. ஆக, கோயில், பள்ளி, இல்லம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஒரு சிறு குச்சி.

இத்சிங்கின் பாராட்டோடு நின்றுவிட்டால் நமக்குப் பெருமிதம் மட்டுமே மிஞ்சும். மருத்துவ நூல்களையும் பார்க்கவேண்டும். சுசுருத சங்கிதை வாய் நோய்கள் 65 என வகைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று தந்தசர்க்கரை. அதாவது பல்லில் கல்லாய் இறுகிய அழுக்கு. அதற்கு அந்நூல் குச்சியைப் பரிந்துரைக்கவில்லை. பல்லின் வேருக்கு ஊறு நேராமல் கருவியால் சுரண்டி எடுத்து, அரக்குப் பொடியைத் தேனில் குழைத்துத் தேய்க்கச் சொல்கிறது. அறுவைக் கருவிகளின் பட்டியலில் தந்தசங்கு என்றே ஒன்று உண்டு. நாள்தோறும் தன் கையால் துலக்குவது ஒரு கடமை. இறுகியதைத் தேர்ந்தவர் கையால் நீக்கிக்கொள்வது வேறொன்று. முன்னோர் இரண்டையும் அறிந்திருந்தனர்.

அத்தகைய கைகள் காஞ்சிப் பகுதிக்குப் புதியவையல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கிறது. மருத்துவரோடு அறுவை செய்வார் ஒருவருக்கும் அங்கே ஊதியம் வகுக்கப்பட்டது.

நம் நினைவிலோ முதற்பாதி மட்டுமே தங்கிவிட்டது. ஆலையும் வேலையும் போற்றும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை. தந்தசங்குவைச் சொல்லும் பழமொழி ஒன்றும் வழக்கில் இல்லை. அதனால்தான் குச்சி பற்பொடியாகி, 1938இல் வந்த நைலான் தூரிகையாகி, பற்பசையோடு வீடுதோறும் புகுந்த பின்னும், மருத்துவரிடம் பல் சுத்தம் செய்துகொண்டால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் நீங்கவில்லை.

உண்மையில் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பல்லின்மேல் படியும் படலத்தைக் கல்லாக்குகிறது. அதை எந்தக் குச்சியும் பசையும் கரைப்பதில்லை. அது தங்கிய இடத்தில் ஈறு வீங்கிக் கீழிறங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். முன்னரே தளர்ந்துவிட்ட பல்லை அந்தக் கல் மறைத்து நிற்கிறது. கல்லை நீக்கியதும் தளர்ச்சி தெரிகிறது. பழி மருத்துவர்மேல் விழுகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அதன் வாயிலாக நமக்குக் கிடைத்ததை மேலைநாட்டுப் புதுமை என்று ஒதுக்குவோர் இன்னும் உளர். சுசுருதர் எழுதிவைத்த, நாம் கைவிட்ட பாதிதான் அது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.